1537 வெனிஸ் நூல்: மூலப் பதிப்பா, நகலா?

அல்சூர்வாசி:
என் தாத்தா பெங்களூரில் மதராஸ் சாப்பர்ஸ் என்ற இராணுவப் பொறியாளர் படைப்பிரிவில் பணியாற்றியவர். அவருடைய தகரப் பெட்டியில், நில அளவைப் புத்தகங்களுக்கு அடியில், தோலட்டை போட்ட மெல்லிய இத்தாலிய நூல் ஒன்று கிடைத்தது. தலைப்பு ‘நோவா சயன்ஷியா’, ஆண்டு ரோமன் எண்ணில் 1537. முகப்புப் படத்தில் தாடிக்காரர் ஒருவர் மதில் வாயிலைத் திறந்துவிட, உள்ளே பீரங்கிக் குண்டு வளைந்து பறக்கிறது. அவென்யூ ரோட்டுப் பழைய புத்தகக் கடைக்காரர் ஒருவர் புரட்டிக்கூடப் பார்க்காமல் மூலப் பதிப்பு என்கிறார். எப்படி உறுதிசெய்வது?

பழநூல்பித்தன்:
வாயிலில் நிற்பவர் யூக்ளிட். வடிவியல் தெரியாமல் உள்ளே போக முடியாது என்பது படத்தின் பொருள். ஆசிரியர் இத்தாலியக் கணித அறிஞர் நிக்கோலோ தார்தாலியா. 1512இல் பிரெஞ்சுப் படை பிரெஷியா நகரைச் சூறையாடியபோது முகத்தில் பட்ட வாள்வெட்டால் பேச்சு திக்கி, அதுவே பெயராக நிலைத்தவர். இந்தியாவில் அச்சான முதல் தமிழ் நூலான நம் ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சேறியது 1578இல்தான் என்பதை நினைத்தால் இதன் பழமை விளங்கும்.

ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். கந்தைத் துணிக் கூழைக் கம்பிச் சல்லடையில் வார்த்துச் செய்த காகிதத்தில் அக்கம்பிகளின் தடம் தெரியும். முழுத்தாளை இருமுறை மடித்த நூல் இது என்பதால், அகன்ற இடைவெளியில் வரும் தடங்கள் பக்கத்தின் குறுக்கே ஓட வேண்டும். பின்னர் படத்தை உருப்பெருக்கியில் பாருங்கள். மரச்செதுக்கில் கோடும் வெள்ளையும் மட்டுமே உண்டு. நுண்புள்ளிகளாலான சாம்பல் நிறம் தென்பட்டால் அது புகைப்பட நகல்.

கோல்அளவன்:
நகலாக இருந்தாலும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பீரங்கியை எந்தக் கோணத்தில் நிமிர்த்தினால் குண்டு மிகத் தொலைவு போகும் என்று 1531இல் வெரோனாவில் ஒரு பீரங்கி வீரர் கேட்டதிலிருந்துதான் இந்நூல் பிறந்தது. 45 பாகை என்ற தார்தாலியாவின் விடை, காற்றுத்தடையை ஒதுக்கிச் சமதரையில் சுட்டால், இன்றும் சரி. ஆனால் குண்டு முதலில் நேர்கோட்டிலும், பிறகு வட்டவில்லிலும், கடைசியில் செங்குத்தாகவும் செல்வதாக அவர் வரைந்தது பிழை. பாதையின் எப்பகுதியும் முற்றிலும் நேராக இராது என்று 1546இல் அவரே எழுதினார், பரவளையம் என்பதை 1638இல் கலிலியோ வெளியிட்டார். கொல்லும் கலையைக் கற்பிப்பது பாவம் என்று தம் குறிப்புகளை அழித்துவிட்டு, துருக்கியர் படையெடுப்பு அச்சத்தில் மீண்டும் எழுத உட்கார்ந்ததாக அவர் முன்னுரையில் சொல்வதுதான் எனக்கு நூலிலேயே பிடித்த பகுதி.

உயரமும் தொலைவும் அளக்கும் மூன்றாம் பாகம் உங்கள் தாத்தாவுக்குப் பயன்பட்டிருக்கும். 12 பிரிவுகள் குறித்த சதுரச் சட்டத்தின் விளிம்பு வழியே உச்சியைப் பார்க்கையில், தூக்குக்குண்டு நூல் ஆறாம் பிரிவில் விழுந்தால், கண்மட்டத்துக்கு மேலுள்ள உயரம் தரைத் தொலைவில் பாதி.

அல்சூர்வாசி:
இருவருக்கும் நன்றி. வெளிச்சத்தில் தடம் ஏதும் தெரியவில்லை. யூக்ளிட்டின் அங்கி முழுக்கப் புள்ளிகள். ஆகவே நகல்தான். கடைக்காரரிடம் சொன்னேன், அவர் ஏற்கவில்லை. ஆனால் மூன்றாம் பாகத்தின் ஓரங்களில் தாத்தாவின் பென்சில் கணக்குகள் தமிழ் எழுத்தில் இருக்கின்றன. அட்டையில் சட்டம் வெட்டி, 24 மீட்டர் தள்ளி நின்று எங்கள் குடியிருப்பின் தண்ணீர்த் தொட்டியைப் பார்த்தேன். தூக்குக்குண்டு நூல் ஒன்பதாம் பிரிவில் விழுந்தது. 18 மீட்டருடன் என் கண்மட்டம் ஒன்றரை மீட்டரைச் சேர்த்தால் பத்தொன்பதரை. மொட்டைமாடியிலிருந்து அளவுநாடாவை இறக்கிச் சரிபார்க்க ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டும். மாடிச் சாவி காவலாளியிடம் இருக்கிறது.