கேபிள் பெட்டிக்குப் பதில் சொந்த ட்யூனர்: சேனல் பெயர் வருது, படம் வரலை. உதவி தேவை

வண்ணை_குமரன்:
அவசரம், தெரிந்தவர்கள் சொல்லுங்கள். எங்கள் ஏரியா கேபிள்காரர் பேக்கேஜ் காசு தனி, பெட்டி வாடகை தனி என்று மாதா மாதம் வாங்குகிறார். பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்று பர்மா பஜாரில் ஒரு ட்யூனர் (சிக்னலைப் பிடித்து டிவிக்குப் படமாகத் தரும் கருவி) வாங்கி வந்தேன். கேபிள் வயரைச் சொருகி ஸ்கேன் போட்டால் சேனல் பெயர் எல்லாம் வரிசையாக வருகிறது. படம் மட்டும் இல்லை, கருப்பாக நிற்கிறது. "முன்னாடி வயரை நேரா டிவியில சொருகினாலே படம் வந்துச்சே" என்கிறார் அப்பா. எந்த செட்டிங்கை மாற்றணும்? ஞாயிற்றுக்கிழமை வசூலுக்கு வருவார், அதற்குள் முடியணும்.

காசிமேடு_மணி:
முதலில் ஜாயிண்டைப் பாருங்க. நம்ம பக்கம் உப்புக் காத்துக்கு வயர் முனையில் இருக்கிற எஃப் கனெக்டர் சீக்கிரம் பச்சை பூத்துப் போகும். மொட்டை மாடியில் வயரைப் பிரிக்கிற ஸ்ப்ளிட்டர் இருந்தால் அதையும் கழற்றிப் பாருங்க. பத்துக்கு ஒன்பது வீட்டில் கோளாறு அங்கேதான்.

ராயபுரம்_செல்வி:
என்ன ட்யூனர் என்றே சொல்லவில்லையே. பின்பக்கம் என்ன போட்டிருக்கு? டிவிபி-டி2 என்றால் ஆன்டெனாவுக்கு, டிவிபி-சி என்றால் கேபிளுக்கு, டிவிபி-எஸ்2 என்றால் டிஷ்ஷுக்கு. டிவி என்ன மாடல்? பழைய பெட்டியில் இப்போதும் படம் சரியாக வருதா?

வியாசை_தம்பி:
ஸ்கேன் போடும்போது சிம்பல் ரேட்டை (சிக்னல் வருகிற வேகம்) 6875 என்று கையால் கொடுத்துப் பாருங்க ப்ரோ. ஆட்டோவில் சில நேரம் தப்பாக எடுத்துக்கும்.

சிக்னல்_ஆசான்:
சேனல் பெயரே வந்துவிட்ட பிறகு சிம்பல் ரேட்டாம், ஜாயிண்டாம். பெயர் வருகிறது என்றால் சிக்னல் சுத்தமாக உள்ளே வந்துவிட்டது என்று அர்த்தம். இந்த அடிப்படைகூடத் தெரியாமல் பதில் சொல்ல வருகிறார்கள். குமரன், வாங்குவதற்கு முன்னால் இங்கே கேட்டிருக்க வேண்டும். கேபிளில் வருகிற சேனல்கள் பூட்டப்பட்டவை. பூட்டைத் திறக்கும் சாவி உங்கள் ஆபரேட்டர் கொடுத்த பெட்டிக்குள் இருக்கிறது, ஸ்மார்ட் கார்டாகவோ சிப்பிலேயே பதித்தோ. உங்கள் ட்யூனருக்கு அந்தச் சாவி கிடையாது. எந்த செட்டிங்கை மாற்றினாலும் வராது.

வண்ணை_குமரன்:
டி2/சி என்று இரண்டும் போட்டிருக்கு. பழைய பெட்டியில் படம் நன்றாக வருது. ஆமாம், சொல்ல விட்டுப்போச்சு, ட்யூனரில் ஒரே ஒரு சேனல் மட்டும் படத்தோடு ஓடுது. கேபிள் கம்பெனி தன் பேக்கேஜை விளம்பரம் பண்ற சேனல். அது வரும்போது மற்றது ஏன் வராது? இலவச சேனலாவது வரணுமே?

ராயபுரம்_செல்வி:
அந்த ஒன்றை அவர்களே பூட்டாமல் விட்டிருக்கிறார்கள். ஆசான் சொன்னதற்கு அதுவே சாட்சி. உங்கள் ட்யூனர் பழுதில்லை, வயரும் பழுதில்லை. இலவச சேனல் விஷயம் நியாயமான கேள்வி. கேபிள் சட்டத்தை 2011-ல் திருத்தியபோது, எந்தச் சேனலானாலும் பூட்டிய வடிவில் டிஜிட்டலாகத்தான் அனுப்பணும் என்று வைத்துவிட்டார்கள். கட்டணம் இல்லாத சேனலும் அதில் அடக்கம்.

மின்ட்_பாய்:
அப்பா சொல்றதும் சரிதான். பெட்டியே 2012-க்கு அப்புறம்தானே வந்தது.

காசிமேடு_மணி:
இல்லைங்க. சென்னைக்குப் பெட்டி 2003 செப்டம்பரிலேயே வந்தாச்சு, நாட்டிலேயே முதலில் நம்ம ஊர்லதான் கட்டாயமாக்கினாங்க. ஆனால் அப்போ கட்டணச் சேனலுக்கு மட்டும்தான் பெட்டி. மற்றது எல்லாம் பழைய அனலாக் முறையில், பூட்டு இல்லாமல் நேரா டிவிக்கு வரும். அவங்க அப்பா பார்த்தது அதைத்தான்.

மின்ட்_பாய்:
எங்க தெருவில் 2003-ல் யார் வீட்டிலும் பெட்டி கிடையாது. வயர்தான்.

காசிமேடு_மணி:
வாங்காதவங்க வீட்டில் எப்படி இருக்கும்? பெட்டி இல்லைன்னா கட்டணச் சேனல் வராது, அவ்வளவுதான்.

வியாசை_தம்பி:
வாடகையே ஏன் தரணும்? 130 ரூபாய், ஜிஎஸ்டி சேர்த்து 153 ரூபாய் 40 காசு, அதுக்கு மேல அடிப்படைக் கட்டணம் வாங்கக் கூடாதுன்னு டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) உத்தரவு இருக்கே.

சிக்னல்_ஆசான்:
அந்த உச்சவரம்பை 2024 ஜூலையிலேயே எடுத்துவிட்டார்கள். பழைய செய்தியை வைத்துக்கொண்டு ஆபரேட்டரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அதோடு அது சேனல் தருவதற்கான கட்டணம், பெட்டி வாடகை வேறு கணக்கு.

வியாசை_தம்பி:
சரி, ஆனால் யார் கடையில் வேணும்னாலும் பெட்டி வாங்கிக்கலாம்னு வரப்போகுதுன்னு படிச்சேனே?

ராயபுரம்_செல்வி:
2020 ஏப்ரலில் டிராய் அப்படிப் பரிந்துரைத்தது உண்மை. எல்லாப் பெட்டியும் எல்லா ஆபரேட்டருக்கும் பொருந்தணும், டிவியிலேயே யுஎஸ்பி வழியாகச் சாவியைச் சொருகும் வசதி வரணும் என்று. பரிந்துரை வந்ததால் நம் வீட்டுப் பெட்டி மாறிவிடாது. எனக்கு இதில் உண்மையாகவே வருத்தம். சிம் கார்டை எந்த போனில் வேண்டுமானாலும் போடுகிறோம், இங்கே ஆபரேட்டரை மாற்றினால் நல்ல நிலையில் இருக்கும் பெட்டியும் குப்பைதான்.

குமரன், உங்களுக்கு இருக்கிற வழி டிடி ஃப்ரீ டிஷ், தூர்தர்ஷனின் இலவச டிஷ் சேவை. மாதக் கட்டணம் இல்லை. ஆனால் இந்த ட்யூனர் அதற்கு ஆகாது, எஸ்2 வேண்டும். புது டிவிகள் சிலவற்றில் எஸ்2 உள்ளேயே இருக்கும், அதனால்தான் மாடல் கேட்டேன். டிஷ்ஷை ஜிசாட்-15 செயற்கைக்கோள் பக்கம் வைக்கணும், 93.5 டிகிரி கிழக்கு. சென்னையிலிருந்து தென்கிழக்கில், வானத்தில் நல்ல உயரத்தில், ஏறக்குறைய 68 டிகிரியில் இருக்கிறது. அதனால் பக்கத்து வீடு இரண்டு மாடி உயர்ந்திருந்தாலும் பெரும்பாலும் மறைக்காது. நம்ம சந்துகளுக்கு இது நல்ல விஷயம். ஒன்று மட்டும் வீட்டில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: சன், விஜய், ஜீ தமிழ் அதில் கிடையாது. டிடி தமிழ் வரும்.

காசிமேடு_மணி:
டிஷ் வைச்சாலும் கனெக்டரில் மழைத் தண்ணி இறங்காமல் டேப் சுத்துங்க. சொல்லிட்டேன்.

சிக்னல்_ஆசான்:
கேபிள் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது அடாப்டர், ரிமோட் எல்லாம் சேர்த்துக் கொடுத்து, பெட்டியின் சீரியல் எண் போட்டு ரசீது வாங்குங்கள். டெபாசிட் கட்டியிருந்தால் அதையும் கேளுங்கள். வாய் வார்த்தையாகக் கொடுத்தால் பிறகு பெட்டி வரவில்லை என்பார்கள்.

வண்ணை_குமரன்:
எல்லாருக்கும் நன்றி. கடைக்காரர் ட்யூனரை மாற்றித் தருகிறேன் என்றார். அம்மாவுக்கு சீரியல் வேணுமாம், அதனால் பெட்டி இப்போதைக்கு இருக்கட்டும் என்று முடிவாச்சு. டிஷ் அப்பா ரூமுக்கு.

கொருக்குப்பேட்டை_டேனி:
இதே இழையில் கேட்டுக்கிறேன். எங்களுடையது வாடகை வீடு, மாடியில் டிஷ் வைக்க ஓனர் விடமாட்டார். பால்கனி தென்கிழக்கைப் பார்த்துதான் இருக்கு, ஆனால் மேலே ஸ்லாப் நீட்டிக்கிட்டு இருக்கு. 68 டிகிரின்னா சிக்னல் கிடைக்குமா?

ராயபுரம்_செல்வி:
ஸ்லாப் எவ்வளவு நீட்டு, கம்பிக்கு வெளியே டிஷ்ஷைத் தள்ளி வைக்க இடம் இருக்கா? போட்டோ போடுங்க.