விண்வெளி எங்கே தொடங்குகிறது: 80 கி.மீ.யா, 100 கி.மீ.யா?

வான்நோக்கி:
2021 ஜூலை 11 அன்று விர்ஜின் கேலக்டிக் நிறுவனர் ரிச்சர்ட் பிரான்சனும் நம் பக்கத்து ஆந்திராவில் பிறந்த சிரிஷா பண்ட்லாவும் ஏறிய உயரம் சுமார் 86 கி.மீ. சர்வதேச வான்விளையாட்டுக் கூட்டமைப்பு ஏற்றுக்கொண்ட எல்லையோ 100 கி.மீ. அப்புறம் எப்படி அவரை விண்வெளி வீராங்கனை என்று எழுதுகிறார்கள்? ஒன்பது நாள் கழித்துப் போன அமேசான் நிறுவனர் பெசோஸ் 107 கி.மீ. தொட்டார். அது விண்வெளி, ஒப்புக்கொள்கிறேன்.

கடலூர்க்காரன்:
அந்த 100 ஒரு அமைப்பு வைத்துக்கொண்ட அளவு, அவ்வளவுதான். அமெரிக்க விமானப்படைக்கு 50 மைல், அதாவது 80 கி.மீ. போதும். 1960களில் எக்ஸ்-15 ராக்கெட் விமானத்தில் அந்த உயரத்தைத் தாண்டிய விமானப்படைக்காரர்களுக்கு விண்வெளி வீரர் சின்னம் குத்தினார்கள். அதே விமானத்தை ஓட்டிய நாசாவின் சிவிலியன் விமானிகள் மூவருக்கு அது கிடைத்தது 2005இல்! அதற்குள் ஜோ வாக்கரும் ஜாக் மெக்கேயும் காலமாகிவிட்டார்கள். ஆளைப் பார்த்து அளந்தால் இப்படித்தான் ஆகும்.

வான்நோக்கி:
வாக்கருக்கு நடந்தது அநியாயம்தான். ஆனால் 1963இல் அவர் இரண்டு முறை 100 கி.மீ.யையே தாண்டியவர், என் கணக்கிலும் அவர் விண்வெளி வீரர். கார்மன் கோடு என்கிற இந்த 100 கி.மீ. எல்லைக்குப் பின்னால் இயற்பியல் இருக்கிறது. மேலே போகப்போகக் காற்று மெலிகிறது. ஒரு கட்டத்தில் இறக்கை தாங்க வேண்டுமானால் செயற்கைக்கோளின் வேகத்திலேயே பறந்தாக வேண்டும். விமானத்தின் வேலை அங்கே முடிந்தது.

கடலூர்க்காரன்:
இயற்பியல் சரி, எண் சரியில்லை. அந்தக் கணக்கு 100இல் கச்சிதமாக வந்து நிற்பதில்லை, நினைவில் நிற்க வசதியாக முழு எண் ஆக்கியது. 2018இல் வானியலாளர் ஜொனாதன் மெக்டவல் பழைய செயற்கைக்கோள்களின் பாதைகளை அலசினார். நீள்வட்டப் பாதையில் 80, 90 கி.மீ. வரை தாழ்ந்துவிட்டு மறுபடி மேலேறிச் சுற்றியவை உண்டு. செயற்கைக்கோள் பிழைத்துப் போகிற இடத்தை வானம் என்று எப்படிச் சொல்வீர்கள்?

சட்டப்புள்ளி:
இரண்டு பேரும் சட்டத்தை விட்டுவிட்டீர்கள். 1967 விண்வெளி ஒப்பந்தத்தில் எந்த எண்ணும் இல்லை. வான்பரப்பு அந்தந்த நாட்டுக்குச் சொந்தம், விண்வெளி யாருக்கும் சொந்தமில்லை. நடுவில் கோடு இல்லை. 1976இல் கொலம்பியா, ஈக்வடார் முதலான நிலநடுக்கோட்டு நாடுகள் பொகோட்டாவில் கூடி, செயற்கைக்கோள் பூமியின் ஒரே இடத்துக்கு மேலே நிற்பதுபோல் சுற்றும் சுமார் 36,000 கி.மீ. உயரத்துப் புவிநிலைப் பாதைக்கே உரிமை கேட்டன. எல்லை வகுக்கப்படவில்லை என்பதும் அவர்கள் வாதங்களில் ஒன்று.

வான்நோக்கி:
அதற்காகத்தான் 100 என்று ஒன்றை வைத்துக்கொள்வோம் என்கிறேன். ஆஸ்திரேலியா தன் சட்டத்தில் எழுதியே வைத்திருக்கிறது.

கடலூர்க்காரன்:
எழுதட்டும், ஆனால் 80 என்று எழுதட்டும். சிரிஷாவை நான் பட்டியலிலிருந்து எடுக்க மாட்டேன்.