ஃபைப்ராய்டு: நார்த்திசுக்கட்டியா, தசைக்கண்டா?

அன்புள்ள கலைச்சொல் குழுவினருக்கு,

கருப்பையில் வளரும் ஃபைப்ராய்டு என்னும் கட்டிக்குப் புதிய தமிழ்ச்சொல் வேண்டும் என்று எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்வி:

> 'நார்த்திசுக்கட்டி' ஏற்கெனவே நாளிதழ்களில் புழங்குகிறது. புதிதாக ஒன்று எதற்கு?

புழங்குவதை மறுக்கவில்லை ஐயா. படிப்பவரிடம் என்னவாகப் போய்ச் சேர்கிறது என்பதுதான் என் கவலை. கருப்பை நலம் பற்றிய கையேடு ஒன்றை மொழிபெயர்த்து, அச்சுக்கு முன் சித்தியிடம் படிக்கக் கொடுத்தேன். மூன்றாம் பக்கத்தில் இந்தச் சொல்லின்மேல் விரலை வைத்துக்கொண்டு, "அப்படியென்றால் நார்ச்சத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டுமா?" என்றார். அடுத்து, "இது பழுத்து உடைந்துவிடுமா?" நார் என்றதும் நார்ச்சத்து, கட்டி என்றதும் சீழ்க்கட்டி. அரைப் பக்கம் விளக்கி எழுதியும் பயனில்லை.

கருப்பைச் சுவர் மென்தசையால் ஆனது. அதில் ஒரே ஒரு செல் தறிகெட்டுப் பெருகி, ஈஸ்ட்ரோஜென், புரோஜெஸ்டிரோன் ஆகிய ஹார்மோன்களின் ஊட்டத்தில் ஃபைப்ராய்டாக வளர்கிறது. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் சுருங்கிவிடுவது அதனால்தான். நாரும் உண்டு; கொலாஜன் என்னும் நார்ப்புரதம் மிகுதியாகப் படிந்து இறுக்கம் தருகிறது. ஆனால் பிறந்த இடம் தசை. இதை 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மன் நோயியல் அறிஞர் ருடால்ஃப் விர்ஹோ காட்டிவிட்டார். நோயியலார் எழுதும் 'லியோமயோமா'வுக்கும் மென்தசைக் கட்டி என்றே பொருள். 'நார் போன்றது' என்னும் ஃபைப்ராய்டு ஒரு பழைய பார்வைப் பிழை. அந்தப் பிழையைத்தான் சிரத்தையாக மொழிபெயர்த்து வைத்திருக்கிறோம்.

உண்மையிலேயே நார்த்திசுவில் எழும் ஃபைப்ரோமா என்ற கட்டி வேறு இருக்கிறது, சூலகத்திலும் வரும். நார்த்திசுக்கட்டி என்ற பெயர் அதற்குத்தான் உரியது. 'தசைநார்க்கட்டி' என்று சென்ற மடலில் வந்ததும் ஒத்துவராது. தசைநார் என்பது தசையை எலும்போடு பிணைப்பது. கருப்பையில் எலும்பு ஏது?

என் முன்மொழிவு: தசைக்கண்டு. அறுத்தெடுத்ததன் படத்தைப் பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம். வெளிறிய இழைகள் சுழன்று சுழன்று, நூற்கண்டைக் குறுக்கே வெட்டியதுபோல் இருக்கும். சுற்றியுள்ள தசையோடு கரையாமல் தனித்து நிற்பதால், அறுவையில் பெரும்பாலும் முழுசாகவே தோண்டி எடுத்துவிடலாம்.

கூட்டுச்சொற்களும் எளிதில் வருகின்றன. கருப்பையின் உள்ளறைக்குள் துருத்துவது உட்கண்டு, சுவருக்குள்ளேயே இருப்பது சுவர்க்கண்டு, வெளிப்பக்கம் புடைப்பது புறக்கண்டு, காம்பில் தொங்குவது காம்புக்கண்டு. இந்தப் பாகுபாடு வெறும் ஏட்டுச் சங்கதி அன்று. உட்கண்டு சிறிதாக இருந்தாலும் உதிரப்போக்கைக் கூட்டும், கருத்தங்கலைத் தடுக்கலாம். புறக்கண்டோ பல சென்டிமீட்டர் வளர்ந்தும் சத்தமில்லாமல் இருந்து, சிறுநீர்ப்பையை அழுத்தும்போதுதான் தெரியவரும்.

* * *

> என் முன்மொழிவு: தசைக்கண்டு.

மகப்பேறு மருத்துவராக ஒரு குறுக்கீடு. 'கட்டி'யைக் கழற்றியதற்கு முதலில் நன்றி. ஸ்கேன் முடிவைச் சொல்லத் தொடங்கியதுமே எதிரில் இருப்பவர் கேட்பது "புற்றா?" என்றுதான். இவை புற்றல்ல, மென்தசையில் புற்று வருவது மிக அரிது. பலருக்குத் தசைக்கண்டு இருப்பதே தெரியாமல் காலம் கழிந்துவிடும்.

ஆனால் மறுபக்கமும் உண்டு. சிலருக்கு மணிக்கொரு நாப்கின், பத்து நாள் உதிரப்போக்கு, ஹீமோகுளோபின் 7ஆகச் சரிவு, மாடிப்படி ஏறினால் மூச்சிரைப்பு. கேட்டால், "எனக்கு எப்போதுமே இப்படித்தான் டாக்டர்." அவரிடம் 'கண்டு' என்று மென்மையாகச் சொன்னால் இன்னும் ஒரு வருடம் தள்ளிப்போடுவார். ஆகவே கையேட்டில் 'அதிக உதிரப்போக்கு' என்று சப்பையாக எழுதாமல், நம் பழைய மருத்துவச் சொல்லான 'பெரும்பாடு' என்பதையே போடுங்கள். அவர்கள் படுவதும் அதுதான்.

* * *

> தசைக்கண்டு

ஈழத்துப் பேச்சில் மரக்கண்டு என்றால் மரக்கன்று. இதை எங்கள் அம்மா தசையில் முளைத்த கன்று என்று விளங்கிக்கொள்வார். ஆட்சேபம் இல்லை, வளர்கிறதுதானே!

* * *

பெரும்பாட்டை அப்படியே எடுத்துக்கொண்டேன் டாக்டர். ஸ்கேன் அறிக்கையில் ஃபைப்ராய்டு என்றுதான் இருக்கும் என்பதால், முதல் முறை வரும் இடத்தில் 'தசைக்கண்டு என்னும் ஃபைப்ராய்டு' என்று எழுதியிருக்கிறேன்.

திருத்திய படியைச் சித்தியிடம் கொடுத்தேன். நூற்கண்டுப் படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கண்டை மட்டும் எடுத்தால் போதுமா, பையையே எடுக்க வேண்டுமா?" என்றார். அதற்கான பதில் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது: கண்டு நீக்கம், கருப்பை நீக்கம், இரண்டும் வேண்டாதவர்களில் சிலருக்கு எம்போலைசேஷன்.

இந்தக் கடைசிச் சொல்லுக்குத்தான் உங்கள் உதவி வேண்டும். கண்டுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனியை நுண்துகள்களால் அடைத்து, அதை வாடவிடும் முறை. 'தமனி அடைப்பு' என்று எழுதினால் சித்தி மாரடைப்பு என்று படித்துவிடுவார்.