மறு: ஹெரிட்டபிலிட்டிக்குப் ‘பரம்பரைத்தன்மை’ பொருந்தாது

அன்பர்களே,

மருத்துவ ஆய்வுகளில் வரும் ‘ஹெரிட்டபிலிட்டி’ (heritability) என்ற ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இந்த இழையில் பலரும் ‘பரம்பரைத்தன்மை’ என்றே வைத்துவிடலாம் என்கிறீர்கள். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. ‘பரம்பரை வியாதி’ ஏற்கெனவே வீடுகளில் புழங்கும் சொல், அப்பாவுக்கு இருந்தால் பிள்ளைக்கும் வரும் என்ற பொருளில். இரட்டையர் பதிவேடுகளை, அதாவது ஒரு நாட்டில் பிறந்த இரட்டையர்களை ஆய்வுக்காகத் தொகுத்த பட்டியல்களை, வைத்து ஆய்வாளர்கள் கணக்கிடுவது வேறு ஒன்றை.

டென்மார்க்கின் பதிவேடு 1954இல் தொடங்கியது, 1870 முதல் பிறந்த இரட்டையர்கள் அதில் உண்டு. 1870க்கும் 1900க்கும் இடையே பிறந்த 2,872 இணைகளின் வாழ்நாளை ஒப்பிட்டு 1996இல் வந்த கட்டுரையில் ஆயுளின் ஹெரிட்டபிலிட்டி ஆண்களுக்கு 0.26, பெண்களுக்கு 0.23. இதை ‘ஆயுளின் பரம்பரைத்தன்மை 26 விழுக்காடு’ என்று எழுதினால் படிப்பவர் என்ன நினைப்பார்? எண்பது வயது வாழ்ந்தவருக்கு இருபது வருடம் தாத்தா பாட்டி கொடுத்தது, மிச்சம் அவராகச் சேர்த்தது என்றுதான். அந்த எண் எந்தத் தனி மனிதரைப் பற்றியும் பேசவில்லை. அந்தத் தலைமுறை டேனிஷ்காரர்களில் ஒருவர் ஐம்பதில் போனார், இன்னொருவர் தொண்ணூறு தாண்டினார் என்றால், அப்படி ஆளுக்கு ஆள் இருந்த வேறுபாட்டில் ஏறத்தாழ கால் பங்குக்கு மரபணு வேறுபாடு காரணம் என்கிறது, அவ்வளவுதான்.

கணக்கு வரும் வழியைப் பார்த்தாலே இது புரியும். ஒருகரு இரட்டையர்களுக்கு மரபணு அநேகமாக முழுதும் ஒன்று, இருகரு இரட்டையர்களுக்கு மற்ற உடன்பிறப்புகளைப் போலச் சராசரியாகப் பாதி. இருவகையினரும் ஒரே வீட்டில் ஒரேபோல வளர்ந்தார்கள் என்று எடுத்துக்கொண்டு (இந்த அனுமானத்தைக் கேள்வி கேட்பவர்களும் உண்டு, கேட்கவும் வேண்டும்), ஒருகருவினரின் ஒற்றுமை 0.6, இருகருவினரின் ஒற்றுமை 0.4 என்று வைத்துக்கொண்டால் (0 என்றால் ஒற்றுமையே இல்லை, 1 என்றால் முழு ஒற்றுமை), இடைவெளியை இரட்டித்தால் 0.4 வரும். அதுதான் ஹெரிட்டபிலிட்டி. சூழல் மாறினால் இந்த எண்ணும் மாறும். எல்லாக் குழந்தைக்கும் ஒரேபோல நல்ல சாப்பாடு கிடைக்கிற ஊரில் உயரத்தின் ஹெரிட்டபிலிட்டி கூடும், யாருடைய மரபணுவும் மாறாமலே. ‘தன்மை’ என்று முடிகிற சொல் இதை மறைத்துவிடுகிறது, ஏதோ நோய்க்குள்ளேயே நிலையாக இருக்கும் குணம் போல.

அதனால் ‘மரபுவேறுபாட்டுப் பங்கு’ என்று முன்வைக்கிறேன். நீளம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இது ஒரு பங்கு, அதுவும் வேறுபாட்டில் உள்ள பங்கு என்ற இரண்டையும் சொல்லே சொல்லிவிடுகிறது. ‘மரபுப்பேறு’ அழகான சொல், ஆனால் பேறு என்றதும் ஒருவர் பெற்றுக்கொண்டதைத்தான் மனம் நினைக்கும், திரும்பவும் தனி மனிதருக்கே போய்விடுகிறோம்.

அப்புறம், தமிழ்ச் சொல் தேவைப்படும் இன்னொன்று, கன்கார்டன்ஸ் (concordance). ஒருவருக்கு நோய் இருந்தால் அவரோடு பிறந்த மற்றவருக்கும் அதே நோய் இருக்கும் விகிதம். இதற்கு ‘இணைநோய் வீதம்’ என்ற யோசனையைக் கைவிடுவோம். கொரோனா காலத்துச் செய்திகளில் ‘இணைநோய்’ என்பது ஒரே ஆளுக்குச் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் கூடவே இருப்பதற்கு நிலைத்துவிட்டது, இனி அதைப் பிடுங்க முடியாது. ‘நோயொப்பு வீதம்’ எனலாம். ஒருவருக்கு நோய் வந்து மற்றவர் நலமாக இருக்கும் இணையை ‘நோய் ஒவ்வா இரட்டையர்’ என்றால் ஒவ்வாமை, அலர்ஜி என்று குழப்பம் வரும், ‘நோய் வேறுபட்ட இரட்டையர்’ போதும். மரபணு ஒன்றாக இருந்தும் ஒருவர் மட்டும் ஏன் நோயில் விழுந்தார் என்று தேட இவர்களைவிட நல்ல ஒப்பீடு கிடைப்பது அரிது என்பதால், இந்தச் சொல் அடிக்கடி தேவைப்படும்.

மாற்றுச் சொல் தருபவர்கள் தயவுசெய்து அதை இந்த வாக்கியத்தில் பொருத்திப் பாருங்கள்: “ஸ்வீடன், டென்மார்க், பின்லாந்து நாடுகளின் 44,788 இரட்டையர் இணைகளை வைத்து 2000இல் வெளியான ஆய்வில் மார்பகப் புற்றுநோயின் ______ 27 விழுக்காடு.” அந்தச் சொல்லோடு இதைப் படிக்கும் பெண், தனக்கு அந்த நோய் வரும் வாய்ப்பு 27 விழுக்காடு என்று பயந்துவிடக் கூடாது. அதற்கு இடம் கொடுக்காத, என்னுடையதைவிடச் சின்னச் சொல் யாரிடமாவது இருந்தால் உடனே அதற்கு மாறிக்கொள்கிறேன்.