டாங்கிள் உடைந்துவிட்டது, 20 வருடக் கோப்புகள் திறக்கவில்லை – திறமூலத்துக்கு மாறலாமா?

கும்பகோணம்_டிடிபி:
வணக்கம். கும்பகோணத்தில் சின்ன டிடிபி (கணினியில் பக்கம் வடிவமைக்கும்) சென்டர் வைத்திருக்கிறேன், அப்பா ஆரம்பித்தது. கல்யாணப் பத்திரிகை, கும்பாபிஷேக மலர், உள்ளூர் கவிஞர்களின் புத்தகம், இதுதான் பிழைப்பு. 2003இலிருந்து எல்லாமே பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில், ஒரு கம்பெனியின் தமிழ் எழுத்துருத் தொகுப்பை வைத்துச் செய்தவை. அது ஓட வேண்டுமென்றால் கணினியின் பின்னால் டாங்கிள் என்கிற உரிமச் சாவி ஒன்று செருகியிருக்க வேண்டும். போன மாதம் கடையைக் கூட்டும்போது துடைப்பம் பட்டு அது முறிந்துவிட்டது. போன் செய்தால் "அந்தப் பதிப்புக்கு இப்போது சப்போர்ட் இல்லை, புதுசு வாங்கிக்கொள்ளுங்கள்" என்கிறார்கள். முழுக் காசு கொடுத்து வாங்கியது அது.

நேற்று ஒரு கோயிலிலிருந்து வந்து 2008 மலரை மறுபடி அச்சடிக்கக் கேட்டார்கள். கோப்பைத் திறந்தால் அம்மன் படத்துக்குக் கீழே தமிழுக்குப் பதில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் அடைப்புக்குறியுமாகக் கிடக்கிறது. அப்பா பக்கத்தில் நின்று பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. இனி இப்படி ஒருவர் கையில் சாவியைக் கொடுத்துவிட்டு நிற்க விருப்பமில்லை. மூல நிரலை யாரும் பார்த்து மாற்றிப் பயன்படுத்தக்கூடிய திறமூல மென்பொருளில் அச்சு வேலை உண்மையிலேயே நடக்குமா?

மதுரைக்காரன்:
டாங்கிள் இல்லாமல் ஓடுகிற கிராக் கிடைக்குமே, அதைப் போட்டு வேலையை முடியுங்கள்.

கட்டற்ற_தமிழ்:
கிராக் வேண்டாம் தம்பி. அது இன்றைய வேலையை ஓட்டும், ஆனால் உங்கள் எழுத்து அதே பெட்டிக்குள்தான் கிடக்கும், அடுத்த கணினி மாற்றும்போது மறுபடி இதே இடத்தில் நிற்பீர்கள்.

முதலில் பயப்படாதீர்கள், கோப்பு சாகவில்லை. லிப்ரெஆபிஸ் என்ற திறமூல அலுவலகத் தொகுப்பில் உள்ள டிரா, பேஜ்மேக்கர் கோப்பைத் திறக்கும், 2015இல் வந்த 4.4 பதிப்பிலிருந்தே அந்த வசதி இருக்கிறது. பேஜ்மேக்கரைச் செய்த கம்பெனி 2001இல் வந்த 7.0 பதிப்போடு நிறுத்திக்கொண்டது. அதன் கோப்பு வடிவத்தை யாரும் திறந்து கொடுக்கவில்லை, தன்னார்வலர்கள் உட்கார்ந்து பிரித்துப் பார்த்து எழுதியதால்தான் இன்று உங்கள் மலர் திறக்கிறது. இதற்காகத்தான் நான் ஊர் ஊராகப் போய்த் திறமூலத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறேன். இலவசம் என்பதற்காக அல்ல.

பழைய எழுத்துருக்கள் ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் வடிவத்தை உட்கார வைத்தவை, அதனால்தான் எழுத்துரு போனதும் தமிழும் போகிறது. பாமினி ஒரு மாதிரி, வானவில் ஒரு மாதிரி, தினமணி, முரசொலி, நக்கீரன் என்று பத்திரிகைக்கு ஒரு குறியேற்றம் (எந்த இடத்தில் எந்தத் தமிழ் எழுத்து என்ற ஒழுங்கு) இருந்த காலம் அது. ஓப்பன்-தமிழ் என்று ஒரு திறமூல பைதான் நிரலகம் இருக்கிறது, இவற்றில் பலவற்றை எல்லாக் கணினிக்கும் பொதுவான யூனிகோடு குறியேற்றத்துக்கு மாற்றித் தரும். உங்களுடையது எந்தக் குறியேற்றம் என்று கண்டுபிடிக்க ஒரு பத்தியை மட்டும் எடுத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஒன்றைக் கவனியுங்கள்: நன்கொடையாளர் பட்டியலில் பெயருக்குப் பின்னால் ஆங்கிலத்தில் இருக்கும் பி.ஏ., பி.எட். எல்லாம் சேர்ந்து தமிழாக மாறி உளறலாகிவிடும். அதைக் கையால்தான் திருத்த வேண்டும்.

சிவகாசி_ஆப்செட்:
பிரஸ் பக்கத்திலிருந்து சொல்கிறேன். எங்களுக்கு வேண்டியது ஒழுங்கான பிடிஎஃப், எந்த மென்பொருளில் செய்தீர்கள் என்று நான் இதுவரை யாரையும் கேட்டதில்லை.

பக்க வடிவமைப்புக்கு ஸ்கிரைபஸ் என்ற திறமூல மென்பொருள் போதும், சிஎம்ஒய்கே (அச்சுக்கான நாலு மை நிறமுறை), பிடிஎஃப்/எக்ஸ் (அச்சுக்கான பிடிஎஃப் வகை) எல்லாம் இருக்கிறது. பத்து வருடத்துக்கு முன்னால் அதில் தமிழ் அடித்தால் கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம் நிற்கும், நானே வெறுத்து விட்டுவிட்டேன். 2017இல் 1.5.3 பதிப்பில் ஹார்ஃப்பஸ் என்ற எழுத்துக்கோர்ப்பு நிரலைச் சேர்த்தார்கள். அதுவும் திறமூலம், ஆண்ட்ராய்டு போனில் நாம் படிக்கிற தமிழைக் கோர்ப்பதும் அதுதான். அப்புறம் 2024 தொடக்கத்தில் 1.6 நிலையான பதிப்பாக வந்தது. இப்போது "கொண்டாட்டம்" கொண்டாட்டமாகவே வருகிறது.

ஆனால் வெறும் புகழ்ச்சி மட்டும் சொன்னால் நீங்கள் நஷ்டப்படுவீர்கள். லிப்ரெஆபிஸிலிருந்து நேராக பிடிஎஃப் எடுத்து அனுப்பாதீர்கள். அதில் கறுப்பு ஆர்ஜிபியாக (திரைக்கான நிறமுறை) வரும், எங்களிடம் பிரிக்கும்போது நிறத்துக்கு ஒன்றாக உள்ள நாலு பிளேட்டிலும் விழும், பிளேட் மயிரிழை நகர்ந்தால் பொடி எழுத்து முழுக்கக் கலங்கிவிடும். எழுத்து கறுப்பு பிளேட்டில் மட்டும் 100 சதவீதம் இருக்க வேண்டும், ஸ்கிரைபஸில் நிறப் பட்டியலில் அதைப் பார்த்து வையுங்கள். இங்க்ஸ்கேப் என்ற திறமூல வரைகலை மென்பொருளில் வரைந்தால் நிறத்தை ஸ்கிரைபஸுக்குக் கொண்டுவந்த பிறகு கொடுங்கள்.

தஞ்சை_டைப்பிஸ்ட்:
எங்கள் கடையில் ஒரு அக்கா 20 வருடமாகப் பழைய தட்டச்சுப் பொறியின் விசை முறையில் அடிக்கிறார். மென்பொருளை மாற்றினால் அவர் கை என்ன ஆவது? வாடிக்கையாளர் கோரல் என்ற வரைகலை மென்பொருளின் கோப்பு கொண்டுவந்தால்?

கட்டற்ற_தமிழ்:
அக்காவின் கை அப்படியே இருக்கட்டும். லினக்ஸ் என்ற திறமூல இயங்குதளத்தில் ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியைப் போட்டால் தமிழ்99 விசைப்பலகை போலவே தட்டச்சு முறையும் இருக்கிறது, அடிப்பது பழைய விசை, விழுவது யூனிகோடு. கேரளத்தில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஐடி தேர்வையே லினக்ஸில்தான் எழுதுகிறார்கள், நம் அக்காவுக்கு ஒரு வாரம் போதும். கோரல் கோப்பு பெரும்பாலும் இங்க்ஸ்கேப்பில் திறக்கும், எழுத்து இடம் மாறியிருக்கும், அது உண்மை. பிடிஎஃப் ஆகவும் கேட்டு வாங்குங்கள்.

எழுத்துருவுக்கும் இனி டாங்கிள் வேண்டாம். முக்த மலர், மீரா இனிமை, ஹிந்த் மதுரை எல்லாம் திறந்த எழுத்துரு உரிமத்தில் வருபவை, அச்சடித்து விற்கலாம், பத்துக் கணினியில் போடலாம், எழுத்தைத் திருத்தக்கூடச் செய்யலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விற்கக் கூடாது, அவ்வளவுதான்.

கும்பகோணம்_டிடிபி:
எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு எட்டுப் பக்கம் மாற்றினேன். நான் போட்டுப் பார்த்ததில் மூன்றாவது குறியேற்றம் பொருந்தியது. பட்டங்கள் நீங்கள் சொன்ன மாதிரியே உளறின, ஒவ்வொன்றாகத் திருத்தினேன். காலையில் அப்பாவிடம் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன், கண்ணாடி போட்டுக்கொண்டு நன்கொடையாளர் பட்டியலை விரல் வைத்துப் படித்தார். இரண்டு பெயரில் ர இருக்கும் இடத்தில் துணைக்கால் விழுந்திருப்பதை அவர்தான் பிடித்தார். மீதி 64 பக்கத்துக்கும் தானே மெய்ப்புப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார். தலைப்புக்குக் கொஞ்சம் தடிப்பான, கோயில் மலருக்குப் பொருந்துகிற திறந்த எழுத்துரு ஏதாவது இருந்தால் சொல்லுங்கள்.