பத்தாம் வகுப்பு ஆங்கில இலக்கணம்: தமிழை வைத்துச் சொல்லிக்கொடுக்கலாமா, கூடாதா?

மாம்பலம் ஆங்கிலம்:
2019-20 கல்வியாண்டிலிருந்து தமிழ்நாடு மாநிலப் பாடத்திட்டத்தில் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஒரே தாள், 100 மதிப்பெண். இலக்கணத்தில் வருபவை தெரிந்த வகைகள்தான்: ஆக்டிவ்-பாசிவ் (செய்வினை-செயப்பாட்டுவினை), ரிப்போர்ட்டட் ஸ்பீச் (ஒருவர் சொன்னதை நம் வார்த்தையில் சொல்வது), சிம்பிள்-காம்பவுண்ட்-காம்ப்ளெக்ஸ் (தனி, கூட்டு, கலவை வாக்கியங்கள்), நிறுத்தக்குறி, பிழை திருத்தம். ஒவ்வொன்றுக்கும் ஒரு வரிசை இருக்கிறது. அதைத் தமிழில் அர்த்தம் சொல்லாமலே பழக்க வேண்டும் என்பது என் கருத்து. பாசிவ் வாய்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். முதலில் ஆப்ஜெக்டைத் (செயப்படுபொருளை) தேடு. அது இல்லையென்றால் பாசிவ் கிடையாது. அடுத்து, மூல வாக்கியத்தின் டென்ஸுக்கு (காலத்துக்கு) ஏற்ற ‘பி’ வினையை (இஸ், ஆர், வாஸ் போன்றவை) போடு. பிறகு வினையின் மூன்றாம் வடிவம். ‘தே ஆர் ரிப்பேரிங் தி ரோட்’ என்பது ‘தி ரோட் இஸ் பீயிங் ரிப்பேர்ட்’ ஆகும். ‘பீயிங்’ விட்டுப்போனால் சாலை வேலை இப்போது நடக்கிறது என்ற பொருளே போய்விடும். ‘பை தெம்’ இங்கே தேவையில்லை. தமிழில் ‘சாலை பழுதுபார்க்கப்படுகிறது’ என்று விளக்கினால் யாருக்கு லாபம்? அப்படி எந்தப் பையனும் வீட்டில் பேசுவதில்லை.

பெரம்பூர் டீச்சர்:
பாசிவுக்கு நீங்கள் சொன்னது சரி சார். ஆனால் பிழை திருத்தத்திலும் கடிதத்திலும் மதிப்பெண் போவது தமிழ் உள்ளே நின்று வேலை செய்வதால்தான். ‘ரெண்டு வருஷமா இங்க இருக்கேன்’ என்று நினைக்கிற பிள்ளை ‘ஐ ஆம் ஹியர் சின்ஸ் டூ இயர்ஸ்’ என்று எழுதுகிறது. இதில் பிழை இரண்டு. கால அளவுக்கு ‘ஃபார்’, தொடங்கிய நேரத்துக்கு ‘சின்ஸ்’ என்ற விதி தெரிந்த பிள்ளை ஒன்றை மட்டும் திருத்தி ‘ஐ ஆம் ஹியர் ஃபார் டூ இயர்ஸ்’ என்று விட்டுவிடும். ‘ஹேவ் பீன்’ அங்கே வர வேண்டும் என்பது கண்ணில் படாது, ஏனென்றால் தமிழில் ‘இருக்கேன்’ நிகழ்காலம். அந்த வேறுபாட்டைச் சொல்லாமல் எப்படித் திருத்துவது?

மாம்பலம் ஆங்கிலம்:
அங்கேதான் ஆபத்து. ‘-இருக்கேன்’ வந்தால் ‘ஹேவ்’ என்று பிள்ளைகள் பிடித்துக்கொள்வார்கள். ‘போன வருஷம் டெல்லி போயிருக்கேன்’ தமிழில் சரியான வாக்கியம். ஆங்கிலத்தில் அது ‘ஐ ஹேவ் கான் டு டெல்லி லாஸ்ட் இயர்’ ஆகிவிடும். முடிந்துபோன காலத்தைச் சொல்லும் ‘லாஸ்ட் இயர்’, ‘எஸ்டர்டே’, ‘இன் 2020’ இருந்தால் ‘ஹேவ்’ வராது, ‘வென்ட்’ தான். ‘கான்’ தனிப் பிழை: ‘ஹி ஹேஸ் கான் டு தாம்பரம்’ என்றால் போனவர் இன்னும் திரும்பவில்லை, போய்வந்தவருக்கு ‘பீன்’. இதற்குத் தமிழ் வேண்டாம், காலத்தைக் காட்டும் சொல்லை அடிக்கோடிடப் பழக்கினால் போதும்.

பெரம்பூர் டீச்சர்:
சமன்பாடு போடச் சொல்லவில்லை சார். நீங்கள் சொன்ன டெல்லி வாக்கியத்தைத்தான் கரும்பலகையில் எழுதி, ‘தமிழ் இதை ஏற்கும், ஆங்கிலம் ஏற்காது’ என்று காட்டச் சொல்கிறேன். ரிப்போர்ட்டட் ஸ்பீச்சில் இது இன்னும் தெளிவு. ‘எங்க போறன்னு கேட்டார்’ என்பதில் கேள்வி அப்படியே உள்ளே நிற்கிறது, ‘-ன்னு’ ஒட்டினால் வேலை முடிந்தது. அதனால்தான் ‘ஹி ஆஸ்க்ட் மீ வேர் ஆர் யூ கோயிங்’ என்று வருகிறது. விதி படித்த பிள்ளை பிரதிப்பெயரையும் டென்ஸையும் மாற்றி ‘வேர் வாஸ் ஐ கோயிங்’ என்கிறது. கடைசிப் படி விட்டுப்போகிறது: கேள்வி வரிசை கலைந்து ‘வேர் ஐ வாஸ் கோயிங்’ ஆக வேண்டும், கேள்விக்குறி போய் முற்றுப்புள்ளி வர வேண்டும். ‘ஆமாம்-இல்லை’ கேள்வியென்றால் ‘இஃப்’ அல்லது ‘வெதர்’, ‘தட்’ கூடாது. தமிழில் சொல்வரிசை மாறாததால் இந்தப் படி மட்டும் மனதில் ஒட்டுவதில்லை. காரணம் தெரிந்தால் கவனம் அங்கே போகும்.

தாம்பரம் இலக்கணம்:
இருவரும் மேல்மாடியைப் பற்றிப் பேசுகிறீர்கள். வினையின் மூன்று வடிவங்கள் தெரியாத பிள்ளைக்கு எந்த வழியும் பயன்படாது. ‘டிட் நாட் வென்ட்’, ‘தி ஆக்சிடென்ட் வாஸ் ஹாப்பன்ட்’, ‘ஹி கோ’ எல்லாம் வினையின் அடிப்படை தெரியாததால் வருபவை. (‘ஹாப்பன்’, ‘அரைவ்’ போன்றவற்றுக்கு ஆப்ஜெக்ட் இல்லை, ஆகவே பாசிவும் இல்லை. மாம்பலம் சார் சொன்ன முதல் படியே இதைத் தடுக்கும்.) அகரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்யச் சொல்வது வீண். உருவம் பார்த்துக் குழுவாகப் பிரியுங்கள்: ‘கட்-கட்-கட்’, ‘புட்-புட்-புட்’ ஒரு குழு, ‘பிரிங்-பிராட்-பிராட்’, ‘பை-பாட்-பாட்’ ஒரு குழு, ‘சிங்-சாங்-சங்’, ‘டிரிங்க்-டிராங்க்-டிரங்க்’ ஒரு குழு, ‘கம்-கேம்-கம்’ தனி. இது வாய்க்கு வந்த பிறகுதான் பாசிவைத் தொட வேண்டும்.

மாம்பலம் ஆங்கிலம்:
வினை வடிவம் முதலில் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

பெரம்பூர் டீச்சர்:
எனக்கும்தான். ஆனால் சிம்பிள் வாக்கிய மாற்றத்தில் தமிழைத் தொடாமல் எப்படிப் போவீர்கள்? ‘ரோட்ல நடந்து போகும்போது நாய் கடிச்சிடுச்சு.’ நடந்தது அவன், கடித்தது நாய். தமிழ்க் காதுக்கு உறுத்தாது. அதே பழக்கத்தில் ‘வாக்கிங் ஆன் தி ரோட், எ டாக் பிட் ஹிம்’ என்று எழுதினால் நடந்தது நாய்.

மாம்பலம் ஆங்கிலம்:
கமாவுக்கு அடுத்து வரும் முதல் பெயர்தான் நடந்தவராக இருக்க வேண்டும், அவ்வளவுதான். ‘யார் நடந்தது?’ என்று கேட்டுப் பார்த்தால் பிழை தெரிந்துவிடும். திருத்தம்: ‘வாக்கிங் ஆன் தி ரோட், ஹி வாஸ் பிட்டன் பை எ டாக்’. இதே சோதனை ‘ஹேவிங்’ என்று தொடங்கும் வாக்கியத்துக்கும் பொருந்தும். பாசிவ் ஏன் படிக்கிறோம் என்பதும் இங்கே புரியும். மாற்ற முடியாத வாக்கியமென்றால் ‘வைல் ஹி வாஸ் வாக்கிங்’ என்று காம்ப்ளெக்ஸாகவே விட்டுவிடலாம், ஆனால் கேள்வி சிம்பிள் கேட்டால் மதிப்பெண் கிடைக்காது.

தாம்பரம் இலக்கணம்:
இணைப்புச் சொல்லையும் சேருங்கள். ‘தோ இட் ரெய்ன்ட், பட் தே பிளேய்ட்’ தவறு, இரண்டில் ஒன்றுதான் இருக்க வேண்டும். ‘பட்’ மட்டும் இருந்தால் காம்பவுண்ட், ‘தோ’ மட்டும் இருந்தால் காம்ப்ளெக்ஸ், ‘இன் ஸ்பைட் ஆஃப் தி ரெய்ன்’ சிம்பிள். ‘இன் ஸ்பைட் ஆஃப்’ வந்தால் பின்னால் பெயர்ச்சொல்லோ ‘-இங்’ வடிவமோதான்; ‘இன் ஸ்பைட் ஆஃப் இட் ரெய்ன்ட்’ என்று முழு வாக்கியத்தை ஒட்டக் கூடாது.

பெரம்பூர் டீச்சர்:
ஆர்ட்டிகிளில் (‘எ, ஆன், தி’) மட்டும் மாம்பலம் சாருடன் முழுக்க ஒத்துப்போகிறேன். ‘தி’க்குத் தமிழில் நிகரில்லை, ஒப்பிட்டால் குழப்பம்தான். ‘எ, ஆன்’ இரண்டையும் எழுத்தைப் பார்க்காமல் ஒலியைக் கேட்டுப் போட வேண்டும்: ‘ஆன் ஹவர்’, ‘எ யூனிவர்சிட்டி’, ‘ஆன் எம்எல்ஏ’. ஆனால் கொஸ்டின் டேகில் (வாக்கியக் கடைசியில் ஒட்டும் குட்டிக் கேள்வியில்) விட்டுக்கொடுக்க மாட்டேன். நமக்கு எல்லாவற்றுக்கும் ஒரே ‘இல்லையா’. அதனால்தான் ‘யூ ஆர் கமிங், இஸின்ட் இட்?’ என்று வருகிறது. ஒவ்வொரு வாக்கியத்திலும் துணைவினை எது, எழுவாய் எது என்று தேடச் சொல்ல வேண்டும்: ‘ஆரன்ட் யூ?’

மாம்பலம் ஆங்கிலம்:
தேடச் சொல்வது விதிதானே மேடம். அதையும் தாண்டி வருவதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: ‘ஐ ஆம்’ வந்தால் ‘ஆரன்ட் ஐ’, ‘லெட்ஸ்’ வந்தால் ‘ஷல் வீ’, ‘ஹார்ட்லி’, ‘செல்டம்’ இருந்தால் ‘நாட்’ இல்லாத டேக். ‘இல்லையா’வை எவ்வளவு விளக்கினாலும் இவை கிடைக்காது.