ஒன்பது வயசுப் பையன், 39 கிலோ: நார்மலா, அதிகமா?

கொங்கு அம்மா:
பையனுக்கு இப்பதான் 9 முடிஞ்சிருக்கு. உயரம் 134 செ.மீ., எடை 39 கிலோ. நெட்ல போட்டா பி.எம்.ஐ. (உயரத்துக்குத் தகுந்த எடையான்னு பார்க்கிற கணக்கு) 21.7, "நார்மல்"னு வருது. ஆனா பின்கழுத்து கறுத்துக் கெடக்கு, கடலை மாவு தேய்ச்சும் போகலைங்க. மாமியார் "வளர்ற புள்ளை, உசரம் ஏறுனா சரியாயிரும்"ங்கறாங்க. தைராய்டு பார்க்கணுங்களா?

ரெட்டை வால்:
எங்க அக்கா பையனுக்கும் கழுத்து இப்படித்தான் இருந்துச்சு சிஸ். டாக்டர் முதல்ல கேட்டதே, தூக்கத்துல குறட்டை விடுறானான்னுதான். கவனிங்க.

வைகைக்கரை (குழந்தை டாக்டர்):
அம்மா, நீங்க பார்த்தது பெரியவங்க கணக்கு. 25-க்குக் கீழே நார்மல்ங்கிறது பிள்ளைகளுக்குச் செல்லாது. வயசு, ஆணா பெண்ணான்னு பார்த்து சார்ட்ல வைக்கணும். உலக சுகாதார நிறுவனத்தோட 2007 அட்டவணைப்படி 9 வயசுப் பையனுக்கு 17.9 தாண்டினா கூடுதல் எடை, 20.5 தாண்டினா உடல்பருமன். உங்க பையன் அதையும் தாண்டிட்டான். நம்ம பிள்ளைகளுக்குன்னு இந்தியக் குழந்தை மருத்துவர் சங்கம் 2015-ல வெளியிட்ட சார்ட்டும் இருக்கு.

கழுத்துல இருக்கிறது அழுக்கு இல்லம்மா, தயவுசெஞ்சு தேய்க்காதீங்க. இன்சுலின் சரியா வேலை செய்யாதப்ப தோல் அப்படித் தடிச்சுக் கறுக்கும். அக்குள்லயும் பாருங்க. தைராய்டு மாதிரி ஹார்மோன் கோளாறுன்னா பெரும்பாலும் உயரமும் நின்னுபோகும். இவனுக்கு உயரம் வயசுக்கு நல்லாவே இருக்கு.

வயித்துச் சுற்றளவு எவ்வளவு? உயரத்துல பாதி, அதாவது 67-க்குள்ள இருக்கணும்.

கொங்கு அம்மா:
76 வருதுங்க டாக்டர். குறட்டையும் உண்டு. சோத்தக் குறைச்சுப் பட்டினி போடணுங்களா?

வைகைக்கரை:
வேண்டவே வேண்டாம். இந்த வயசுல எடை ஏறாம பிடிச்சாலே பெரிய விஷயம். ஒரு வருஷம் 39-லேயே நின்னு, உயரம் 139 ஆனா பி.எம்.ஐ. 20.2. 10 வயசுக்கான பருமன் கோடு 21.4, அதுக்குக் கீழே வந்துடுவான். உங்க மாமியார் சொல்றது எடை நின்னாத்தான் பலிக்கும். ஜூஸ், மால்ட் பால், டிவி முன்னாடி முறுக்குத் தட்டு, இதையெல்லாம் வீட்டுல எல்லாருமே நிறுத்துங்க. அவனை மட்டும் தனியா உட்கார வெச்சுக் குறைக்காதீங்க. சொந்தக்காரங்க முன்னாடி "குண்டா"ன்னு கூப்பிட விடாதீங்க, பிள்ளை மனசுல அது ரொம்ப நாள் நிக்கும்.

குழந்தை டாக்டர்கிட்ட காட்டி சர்க்கரை, கொழுப்பு, கல்லீரல் டெஸ்ட் பார்த்துடுங்க, குறட்டையையும் சொல்லுங்க. பி.பி. எடுக்கும்போது கைப்பட்டை அவன் கை அளவுக்குச் சரியா இருக்கான்னு கேளுங்க. சின்னதாப் போட்டா கூடுதலாக் காட்டும்.